ஓராண்டுத் தலைவர்கள்

சென்னையிலிருந்து கொல்கத்தாவை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, கவரைப்பேட்டைக்கு அருகில் அமைந்துள்ள ஊர் புதுவாயல். பெரியபாளையத்திற்குச் செல்லும் சாலை இங்கேதான் பிரிகின்றது. ஒருபுறம் வயலும் ஏரியும். மற்றொருபுறம் இரவும் பகலும் ஓயாது செல்லும் லாரிகளின் வரிசை. வடக்கே சிறிது தொலைவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. ஒடியா, இந்தி, வங்காளம் முதலிய மொழிகளைப் பேசும் தொழிலாளர் பலர் அங்கே வந்து உழைக்கின்றனர். உழவர் ஊரும் தொழிலாளர் ஊரும் இவ்வாறு ஓரிடத்தில் கலந்து நிற்கும்போது, யாருடைய வேலை என்று எளிதிற் சொல்ல இயலாத வேலைகள் பல தோன்றிவிடுகின்றன. பேருந்துக்குக் காத்திருப்போர்க்கு நிழல் வேண்டும். பள்ளிச் சிறுமியர்க்குத் தூய கழிப்பிடம் வேண்டும். சாலையில் அடிபட்டவனுக்கு உடனே குருதி வேண்டும். இவற்றுட் பல அரசு செய்ய வேண்டியவை. சில ஊராட்சி செய்ய வேண்டியவை. எஞ்சியவை எவரும் செய்யாமலே கிடப்பவை.

அவ்வாறு கிடக்கும் வேலைகளை வலிய எடுத்துக்கொள்ளும் கூட்டத்தாரும் நாட்டில் உள்ளனர். ஊர்களின் எல்லையிலும் பேருந்து நிழற்குடைகளிலும் அவர்களுடைய சின்னங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். பற்சக்கரம் பொறித்த பலகை ரோட்டரி சங்கத்தினுடையது. இரண்டு சிங்க முகங்கள் எதிரெதிர்த் திசைகளை நோக்கும் பலகை அரிமா சங்கத்தினுடையது. அச் சிங்கங்களுள் ஒன்று சென்ற காலத்தையும் மற்றொன்று வருங்காலத்தையும் நோக்குவதாக அச் சங்கத்தார் பொருள் கூறுவர். இச் சங்கங்கள் எவ்வாறு தோன்றின? ஓர் ஆண்டின் பணியை எவ்வாறு வகுத்துக்கொள்கின்றன? பணத்தை எங்கிருந்து பெறுகின்றன? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். சிற்றூரில் வளர்ந்த அவருக்குப் பெருநகரத்தின் தனிமை பெரிதும் துன்பம் தந்தது. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், அவரும் வேறு மூவரும் ஒரு நண்பரின் அலுவலக அறையில் கூடினர். ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் எனச் சுழன்று சுழன்று கூடியமையால் அக் கூட்டத்திற்கு ரோட்டரி என்னும் பெயர் வாய்த்தது. தொடக்கத்தில் அவர்கள் கருதியது நட்பும், ஒருவர்க்கொருவர் தொழிலில் உதவுதலுமே. உலகத்திற்குத் தொண்டு செய்யும் எண்ணம் அன்று எழவில்லை.

அந்த எண்ணம் எழுந்தபோது அவர்கள் எடுத்துக்கொண்ட முதற்பணி யாது? பள்ளியா, மருத்துவமனையா? இரண்டும் அல்ல. 1907-இல் சிக்காகோ நகரத்தின் நடுவே பொதுக் கழிப்பிடம் ஒன்று அமைய வேண்டும் என்று முயன்றதே ரோட்டரியின் முதற் பொதுப்பணி. அதனையும் எதிர்த்தவர் இருந்தனர். கழிப்பிடத்தை நாடி உள்ளே வருவோர் மதுவும் வாங்குவர் அன்றோ? ஆதலின் மது வணிகர்க்குப் பொதுக் கழிப்பிடம் பிடிக்கவில்லை. பெருங்கடைக்காரர்க்கும் அதே கணக்கு. சங்கத்தார் மற்ற அமைப்புகளையும் துணை சேர்த்துக்கொண்டு நகராட்சியை இடையறாது வற்புறுத்தி அதனை நிறைவேற்றினர். பின்னாளில் உலகெங்கும் பரவிய ஓர் இயக்கம் கழிப்பிடத்தில் தொடங்கியது என்பதைக் கூற அவர்கள் நாணியதில்லை. நாணுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை.

1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவர் அதே சிக்காகோவில் அரிமா சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் கல்கத்தாவில் 1919-இல் உருவாயிற்று. சென்னைச் சங்கம் 1929-இல் தோன்றியது. அரிமா இயக்கம் 1956-இல் பம்பாய் வழியாக நம் நாட்டிற்குள் வந்தது.

இவ்விரு சங்கங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு ஜூலை முதல் நாள் பிறந்து, மறு ஜூன் 30-ஆம் நாள் முடிகின்றது. சங்கத் தலைவரின் பதவிக்காலம் அவ் ஓராண்டே. அவர் எத்துணைத் திறமை உடையவராயினும், எத்துணைச் செல்வராயினும், ஜூலை பிறந்தவுடன் நாற்காலியை வேறொருவர்க்கு விட்டு எழுந்துவிட வேண்டும். உலகத் தலைவர்க்கும் இதுவே விதி. நம் நாட்டைச் சேர்ந்த நிதீஷ் லஹரி 1962-63-இல் ரோட்டரியின் உலகத் தலைவராக விளங்கினார். அவரும் ஓராண்டில் எழுந்துவிட்டார்.

இஃது அமெரிக்கர் கண்ட புதுமை என்று எண்ண வேண்டா. உத்திரமேரூர்க் கோயிற் கல்வெட்டுகளை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை அவை. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விரித்துரைக்கின்றன. ஏரியைப் பேண ஏரி வாரியம். தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியம். இவற்றினும் பொறுப்பு மிக்கதாக ஆண்டு வாரியம். வாரியப் பெருமக்களின் பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டு கழியும்வரை மீண்டும் வர இயலாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கோ எனில் வாயில் அடைக்கப்பட்டது. அவர்தம் உறவினர்க்கும் அடைக்கப்பட்டது. கணக்குக் காட்டாத குற்றத்திற்கு உறவினரையும் விலக்கியமை இன்றைய நீதிக்குப் பொருந்தாது. ஆயினும் அந்நாளில் கணக்கு என்பதை எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பது அதனால் விளங்கும்.

இரண்டு செய்திகளை இங்கே மறைக்காமற் கூற வேண்டும். உத்திரமேரூர்ச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணருடைய சபை. ஊரார் அனைவருக்கும் அதில் இடம் இருந்ததில்லை. ரோட்டரியோ மகளிர்க்கு உலகெங்கும் வாயில் திறந்தது 1989-இல்தான். நல்ல விதிகளைச் செய்தவர்களும் தம் காலத்துக் குறுகிய சுவர்களுக்குள்ளேயே நின்று அவற்றைச் செய்தனர்.

ஓராண்டுப் பதவியின் நன்மை வெளிப்படை. ஒருவரே நெடுங்காலம் அமர்ந்து சங்கத்தைத் தம் உடைமையாக்கிக்கொள்ள இயலாது. புதியவர் பலர்க்குப் பொறுப்பேற்கும் பயிற்சி கிடைக்கின்றது. அதன் தீமையும் வெளிப்படையே. ஓராண்டில் முடியக்கூடிய வேலையையே ஒவ்வொரு தலைவரும் நாடுவார். தம் பெயர் பொறித்த பலகை தம் காலத்திலேயே நாட்டப்பட வேண்டும் என்ற ஆசை மனித இயல்பு. கோயிலுக்கு விளக்குக் கொடுத்தவர் தம் பெயரை அதன் கண்ணாடிமீதே எழுதி, வெளிச்சத்தை மறைத்துவிட்ட காட்சியை நாம் கண்டதுண்டு. ஓடு பெயர்ந்த நிழற்குடையில், கட்டிக் கொடுத்தவர் பெயர் மட்டும் வண்ணம் மங்காமல் நிற்பதையும் கண்டதுண்டு. நிழற்குடை கட்டுவது ஓராண்டு வேலை. அதன் ஓட்டை மாற்றிக்கொண்டே இருப்பது எவருடைய ஆண்டுக்கும் உரியதன்று.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். புதுவாயலைப் போன்ற ஊரில் முப்பது உறுப்பினர் கொண்ட ஒரு சங்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொருவரும் திங்கள்தோறும் 500 ரூபாய் தருவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் சேரும். தலைமைச் சங்கத்திற்குச் செலுத்தும் கட்டணமும் கூட்டச் செலவும் போக 1,00,000 ரூபாய் எஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் ஓர் அரசுப் பள்ளியில் சிறுமியர்க்குக் கழிப்பிடம் கட்ட விரும்புகின்றனர். நன்கொடை திரட்டிக் கட்டியும் விடுகின்றனர். திறப்பு விழா சிறப்பாக நடைபெறுகின்றது. மறு திங்கள் முதல் துப்புரவு செய்பவர்க்கு ஊதியம், நீரேற்றும் பம்பின் பழுது, சோப்பு, வாளி என்று திங்களுக்கு 3,000 ரூபாய் வேண்டும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 36,000 ரூபாய் ஆகும். பத்தாண்டுக்கு 3,60,000 ரூபாய். அப் பத்தாண்டில் பத்துத் தலைவர்கள் வந்து போவர். முதல் தலைவரின் படம் திறப்பு விழாவில் எடுக்கப்பட்டது. ஏழாம் தலைவர் அந்தப் பம்பிற்குப் பணம் ஒதுக்கும்போது எவரும் படம் எடுப்பதில்லை. அவர் ஒதுக்காவிடில் கழிப்பிடம் பூட்டப்படும். எட்டாம் வகுப்புச் சிறுமி பகல் முழுவதும் நீர் அருந்தாமல் இருப்பாள், அல்லது பள்ளிக்கு வாராமலே நின்றுவிடுவாள்.

ஆதலின் நன்கு நடைபெறும் சங்கங்களில், நடப்புத் தலைவர் தனியே திட்டம் இடுவதில்லை. சென்ற ஆண்டின் தலைவரும் அடுத்த ஆண்டிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் செயற்குழுவில் உடன் அமர்கின்றனர். உத்திரமேரூரிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு ஒன்று இருந்தது. ஆண்டு வாரியத்திற்கு உறுப்பினரை எடுக்கும்போது, முன்னரே ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் பணிபுரிந்து அறிந்தவரை எடுத்தனர். ஆள் மாறினாலும் அறிவு மாறாதிருக்க வேண்டும் என்பதே இரண்டிற்கும் கருத்து.

இனி, ஆண்டுத் திட்டத்தை நோக்குவோம். புதுவாயலில் ஒரு சங்கம் மூன்று ஆண்டுகளை ஒருங்கே கணக்கிட வேண்டியிருக்கும். சங்கத்தின் ஆண்டு ஜூலையிற் பிறக்கின்றது. பள்ளியின் ஆண்டு ஜூனிற் பிறக்கின்றது. ஆலைகளின் கணக்காண்டு ஏப்ரலிற் பிறக்கின்றது. இவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பள்ளி திறக்கும் நாளில் குறிப்பேடும் சீருடையும் கொடுக்க வேண்டுமானால், அது பதவி விட்டுச் செல்லும் தலைவரின் கடைசித் திங்கள். புதிய தலைவர் ஜூலையில் எண்ணத் தொடங்கி, ஆகஸ்டில் பணம் திரட்டி, செப்டம்பரில் குறிப்பேடு வாங்கிச் சென்றால், காலாண்டுத் தேர்வு வந்துவிடும். குழந்தை தன் குறிப்பேட்டை வேறெங்கோ கடனுக்கு வாங்கி எழுதித் தீர்த்திருக்கும்.

மழையும் சங்கத்தின் ஆண்டைப் பார்த்துப் பெய்வதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திற்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் வெள்ளமும் வருங்காலம். ஆரணியாறு பெருகினால் பொன்னேரி வட்டாரத்துத் தாழ்ந்த ஊர்கள் நீரில் நிற்கும். பாய், போர்வை, பால்மாவு, விளக்கு முதலியவற்றை வெள்ளம் வந்தபின் தேடத் தொடங்கினால், வாங்கும் கடையும் நீரில் நிற்கும். எனவே செப்டம்பரிலேயே அவை ஓர் உயர்ந்த கட்டடத்தில் அடுக்கி வைக்கப்பட வேண்டும். ஜனவரியில் பொங்கல், மார்ச், ஏப்ரலில் தேர்வுக்காலம், அப்போது மாணவரை எந்த விழாவிற்கும் அழைத்தல் தகாது. மே திங்களில் நீர்மோர்ப் பந்தல். இவ்வாறு நோக்கின், சங்கத்தின் பன்னிரு திங்களில் உண்மையாக ஓடியாடி உழைக்கத் தக்கவை சிலவே என்பது புலனாகும்.

ஆலைகளைப் பற்றி ஒரு சொல். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் ஒரு புதிய கடமையை வகுத்தது. ஐந்து கோடி ரூபாய் நிகர இலாபமோ, ஆயிரம் கோடி ரூபாய் விற்பனை வருவாயோ, ஐந்நூறு கோடி ரூபாய் நிகர மதிப்போ உடைய நிறுவனங்கள், தம் முந்திய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறைக்கு வந்தது. தொழிற்பேட்டையை அடுத்துள்ள ஊர்ச் சங்கத்திற்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் ஆலையின் கதவைத் தட்டும் முன்னர்ச் சங்கம் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு கையில் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல், இத்தகைய பணியை ஏற்று நடத்தும் அமைப்புகள் ஒன்றிய அரசிடம் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. மேலும், ஆலை தன் ஆண்டுத் திட்டத்தை ஏப்ரலில் முடிவு செய்துவிடும். ஜூலையில் மாலையிட்டுக்கொண்ட புதிய தலைவர் ஆகஸ்டில் விண்ணப்பத்துடன் சென்றால், "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்ற விடையே கிடைக்கும். அடுத்த ஆண்டில் அவர் தலைவர் அல்லர். விண்ணப்பத்தை எழுதியவர் ஒருவர், பணத்தைப் பெறுபவர் மற்றொருவர் என்பதை ஏற்கும் மனம் உடையவரே ஜனவரியில் அமர்ந்து அதனை எழுதுவர்.

பொதுமக்களிடம் பணம் திரட்டும் முறைகள் பல. இசை நிகழ்ச்சி நடத்தி நுழைவுச்சீட்டு விற்பர். விளம்பரங்களுடன் மலர் வெளியிடுவர். கடைகளில் உண்டியல் வைப்பர். பரிசுச்சீட்டு விற்கும் வழியும் முன்னர் இருந்தது. 2003 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டுவிட்டது. இசை நிகழ்ச்சியில் இரண்டு இலட்சம் ரூபாய் வரவு என்று பெருமையாகப் பேசுவோர், மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பாடகர்க்கும் ஒன்றரை இலட்சம் செலவாயிற்று என்பதை மெல்லிய குரலிற் கூறுவர். அத்தகைய நிகழ்ச்சியில் நின்றது ஐம்பதாயிரமே. முப்பது பேர் மூன்று திங்கள் அலைந்த உழைப்பிற்கு அது தக்க விளைவுதானா என்று கேட்கும் துணிவு பொருளாளர்க்கு வேண்டும்.

பொருளாளர் காக்க வேண்டிய விதி மற்றொன்று உண்டு. சங்கத்தின் சொந்தச் செலவுக்கு ஒரு கணக்கு. பொதுமக்களிடம் திரட்டிய பணத்திற்கு வேறொரு கணக்கு. இரண்டும் கலத்தல் ஆகாது. உறுப்பினர் உண்ணும் விருந்தும் அணிவிக்கும் மாலையும் உறுப்பினர் சந்தாவிலிருந்தே வர வேண்டும். கடைத்தெருவில் காய் விற்கும் அம்மை உண்டியலில் இட்ட பத்து ரூபாயிலிருந்து ஒரு குவளைத் தேநீரும் வாங்குதல் கூடாது. அரிமா சங்கத்தார் இதனைக் கட்டாய விதியாகவே வைத்துள்ளனர். இவ்விதி தளர்ந்த இடங்களில் அடுத்த ஆண்டு உண்டியல் நிறைவதில்லை.

சிறு தொகையைப் பற்றி இகழ்ச்சியாக எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்னும் ரோட்டரித் தலைவர், உலகில் நன்மை செய்வதற்கு ஒரு நிலையான நிதி வேண்டும் என்றார். மறு ஆண்டு அந்நிதிக்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். கான்சஸ் நகரச் சங்கத்தார் அதனை அனுப்பினர். பெருநிதி எனப் பின்னர் வளர்ந்த ரோட்டரி அறக்கட்டளையின் வித்து அதுவே. அவ் அறக்கட்டளைக்கு ஆண்டுதோறும் சங்கங்கள் அளிக்கும் பணம் உடனே செலவிடப்படுவதில்லை. மூன்றாண்டு முதலீட்டில் இருந்து, அதன் பின்னரே பணிகளுக்குச் செல்கின்றது. இன்று கொடுப்பவர் மூன்றாண்டு கழித்து வரும் தலைவரின் திட்டத்திற்குக் கொடுக்கின்றார்.

திட்டமிடுதல் எவ்வாறு உயிரோடு தொடர்புடையது என்பதைக் குருதிக்கொடையில் தெளிவாகக் காணலாம். பெருஞ்சாலை ஓரத்து ஊரில் இரத்தத்தின் தேவை எந்த நாளிலும் எழும். பல சங்கங்கள் விடுதலை நாளன்று ஒரு பெரிய முகாம் நடத்தி, இருநூறு பேர், முந்நூறு பேர் என்று எண்ணிக்கை கூறி மகிழும். குருதியோ பணத்தைப் போலப் பெட்டியில் கிடக்கும் பொருள் அன்று. சேமித்த குருதி பெரும்பாலும் முப்பத்தைந்து நாளளவே பயன்படும். அதிலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்களுக்கு ஐந்து நாளே வாழ்வு. ஆகஸ்டு 15-ஆம் நாள் கொடுத்தது செப்டம்பர் இறுதியில் அடிபட்டவனுக்கு உதவாது. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவித் தட்டணு வேண்டப்படும்போது, ஆகஸ்டு முகாமின் எண்ணிக்கையால் என்ன பயன்? மேலும், ஒருமுறை கொடுத்த ஆடவர் மூன்று திங்களும், மகளிர் நான்கு திங்களும் காத்திருக்க வேண்டும். ஊரில் உள்ள கொடையாளர் அனைவரையும் ஒரே நாளில் அழைத்துவிட்டால், அதன்பின் மூன்று திங்களுக்கு அழைக்க எவரும் இரார். அவர்களை நான்கு பிரிவாக்கி, மூன்று திங்களுக்கு ஒரு பிரிவாக அழைப்பதே அறிவுடைமை. அதில் விழாவின் ஆரவாரம் குறையும். நாளிதழில் வரும் எண்ணிக்கையும் சிறுத்துவிடும்.

கண் மருத்துவ முகாம்களும் நம் நாட்டில் இச் சங்கங்களின் தோளில் வளர்ந்தவை. 1925-இல் பார்வையும் கேள்வியும் அற்ற ஹெலன் கெல்லர் அம்மையார் அரிமா சங்கத்தாரின் மாநாட்டிற்கு வந்து, பார்வையற்றோர்க்குத் துணை நிற்குமாறு வேண்டினார். அன்றுமுதல் கண்பணி அச் சங்கத்தின் தனிப்பணி ஆயிற்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்தோறும் நடத்தும் முகாம்களில் இத்தகைய சங்கங்களைத் துணையாகக் கொண்டது. ஊராரை அழைத்தல், இடம் தேடுதல், உணவளித்தல் முதலியன சங்கத்தின் வேலை. கண்ணைச் சோதித்தலும் அறுவை செய்தலும் மருத்துவரின் வேலை. தமக்குத் தெரிந்ததைச் செய்து, தெரியாததைத் தெரிந்தவரிடம் விடுத்தமையால் அப்பணி செழித்தது.

ஓராண்டுத் தலைவர்கள் தம் ஆண்டிற்குள் அடங்காத வேலையைத் தொடங்கி முடிக்க இயலுமா? இளம்பிள்ளை வாதத்தின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது. போலியோ எனப்படும் அந்நோய் பெரும்பாலும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளைத் தாக்குவது. கிருமி புகுந்த குழந்தைகளில் இருநூற்றில் ஒன்றற்கே கால் முடமாகும். ஆனால் எஞ்சிய குழந்தைகள் நோய் தெரியாமலே கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். ஆகையால் ஒரு குழந்தையைக் காக்க வேண்டுமானால் ஊர்க் குழந்தைகள் அனைவரையும் காக்க வேண்டும்.

1979 செப்டம்பர் 29-ஆம் நாள், ரோட்டரியின் உதவியால் பிலிப்பைன் நாட்டில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பணி தொடங்கியது. அறுபது இலட்சம் குழந்தைகளுக்கு மருந்து அளிப்பது அதன் நோக்கம். ஏறத்தாழ அதே காலத்தில் நம் வேலூரில் மற்றொரு முயற்சி அரும்பியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கிருமியியல் அறிஞர் டாக்டர் ஜேக்கப் ஜான், நம் போன்ற வெப்ப நாடுகளில் மூன்று முறை சொட்டு மருந்து கொடுத்தாலும் பல குழந்தைகளுக்குப் போதிய காப்பு உண்டாவதில்லை என்பதைக் கண்டறிந்தார். அதற்கு மாற்றாக, ஊர்க் குழந்தைகள் அனைவர்க்கும் குறித்த நாளில் ஒருசேரக் கொடுக்கும் முறை 1980-களின் தொடக்கத்தில் வேலூர் நகரில் நடைபெற்றது. வேலூர் ரோட்டரி சங்கத்தார் அதற்குத் தோள் கொடுத்தனர். அதன் விளைவு 1983-இல் இங்கிலாந்து மருத்துவ ஏடு ஒன்றில் வெளியாயிற்று. ஒருசேரக் கொடுத்தலின் பயன், கிருமி புகுந்து வாழ்வதற்கு ஊரில் இடமே இல்லாமற் செய்துவிடுவது.

இதில் மருத்துவ அறிவைவிட எளிய வேலைகளே மிகுதி. சொட்டு மருந்து வெப்பத்தில் வலிவிழந்துவிடும். பனிக்கட்டிப் பெட்டி வேண்டும். பெட்டியைச் சுமந்து செல்ல வண்டி வேண்டும். எந்தத் தெருவில் எத்தனைக் குழந்தைகள் என்ற பட்டியல் வேண்டும். வெயிலில் மேசையிட்டு அமர ஆள் வேண்டும். இவை கடைக்காரரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் செய்யக்கூடியவை; அவர்களே செய்தனர்.

1985-இல் ரோட்டரி இப்பணியை உலகப் பணியாக ஏற்றது. பன்னிரண்டு கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று கருதினர். 1988-இல் 24 கோடியே 70 இலட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அவ் ஆண்டில் உலக நாடுகள் கூடி நோயை ஒழிக்க உறுதி பூண்டபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் பேர் அந்நோயால் முடமாகிக்கொண்டிருந்தனர். இந்தியாவில் 1995 டிசம்பர் 9-ஆம் நாளும், 1996 ஜனவரி 20-ஆம் நாளும் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு ஒருசேரச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. வேலூர்த் தெருக்களிற் கண்ட முறை நாட்டின் முறை ஆயிற்று. அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், இலட்சக்கணக்கான பணியாளரும் ஈடுபட்ட பணி அது. சங்கத்தார் மட்டும் செய்ததாகக் கூறுதல் பொருந்தாது.

எண்ணிய காலத்தில் அப்பணி முடியவில்லை. 2009-இல் இந்தியாவில் 741 பேருக்கு நோய் கண்டது. உலகிலேயே அதுதான் மிகுதி. இந்த நாட்டில் இந்நோய் ஒழியாது என்று அறிஞர் சிலர் கூறினர். 2010-இல் அந்த எண் 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்காளத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு நோய் கண்டது. இயற்கையாகப் பரவும் கிருமியால் அதன்பின் எவர்க்கும் இந்நோய் வரவில்லை. 2014 மார்ச் 27-ஆம் நாள் இந்தியா அந்நோய் நீங்கிய நாடு என்று சான்றளிக்கப்பட்டது.

பிலிப்பைன் முயற்சிக்கும் ஹௌரா சிறுமிக்கும் இடையே முப்பதுக்கு மேற்பட்ட உலகத் தலைவர்கள் வந்து அமர்ந்து எழுந்து சென்றனர். அவர்களுள் ஒருவர்க்கும் முடிவிழா நடத்தும் பேறு கிடைக்கவில்லை. உலகளவில் இன்னும் அப்பணி முடியவும் இல்லை. 2024-ஆம் ஆண்டிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் அந்நோய் புதிதாகக் குழந்தைகளைத் தாக்கியது.

அதனாலேயே சான்று பெற்ற பின்னரும் நம் நாட்டில் சொட்டு மருந்து நாள்கள் தொடர்கின்றன. அந் நாள்களில் பேருந்து நிலையங்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் மேசைகள் போடப்படும். செங்கற் சூளைகளிலும் கட்டட வேலை நடைபெறும் இடங்களிலும் தங்கியுள்ள வெளிமாநிலத் தொழிலாளரின் குழந்தைகளைத் தேடிச் செல்வர். அக் குழந்தைகள் நாளைக்கு வேறோர் ஊரில் இருக்கக்கூடும். அங்கே வேறொருவர் மேசையிட்டு அமர்ந்திருக்கக்கூடும். அவர் பார்த்து அறிந்துகொள்ளுமாறு, மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டு விரலில் மை தீட்டி அனுப்புவர்.